யூப்பித்தர் என்பவர் யார்?
தமிழ் வேதாகமத்தில் கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

பல்லாவரத்தில் எமது சபையின் வாராந்தர வேதபாட வகுப்பில், சில ஆண்டுகளுக்கு முன், அப்போஸ்தலர் நடபடிகள் பதினான்காம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். லீஸ்திராவின் ஜனங்கள் பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் அழைத்த பகுதி வந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "ஐயா, யூப்பித்தர் என்கிறது ஆளா, ஊரா?" என்று கேட்டார். அருகிலிருந்த பள்ளி மாணவன், "அது கிரகம் பாட்டி, வியாழன் கிரகம்" என்றான். வகுப்பு சிரித்தது. "ரோமர் வணங்கிய ஒரு தெய்வம்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வசனத்திற்குச் சென்றேன்.

அன்றிரவு கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் திறந்து பார்த்தபோது என் விடை பிழையென்று கண்டேன். லூக்கா அங்கே ரோமருடைய தெய்வத்தின் பெயரை எழுதவில்லை. சேயுஸ் என்றும் ஹெர்மெஸ் என்றும் கிரேக்கத் தெய்வங்களின் பெயர்களையே எழுதியிருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகள் பிரசங்கித்தவனும், கிரேக்க மொழியை மாணவர்க்குக் கற்பித்தவனுமாகிய எனக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் தமிழ் வேதாகமத்தைக் கையில் ஏந்தியபோது அது என் நினைவுக்கு வரவில்லை. ஒரு மொழிபெயர்ப்பு தன்னை வாசிப்பவரை எவ்வாறு பழக்கிவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று. இப்பழக்கத்தினால் நாம் இழந்தது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. லூக்கா எழுதியதும் நாம் வாசிப்பதும்

கிரேக்கர் ஒலிம்பு மலையில் வீற்றிருப்பதாக எண்ணிய முதன்மைத் தெய்வங்கள் பன்னிருவர். வானத்திற்கும் மழைக்கும் இடிக்கும் உரிய சேயுஸ் அவர்களுக்குத் தலைவர். அவருடைய மனைவி ஹேரா. கடலுக்குரிய பொசெய்தோன், விளைச்சலுக்குரிய தெமேத்தேர், அறிவுக்கும் கைவினைக்கும் உரிய அத்தேனா, இசைக்கும் குறிசொல்லுதலுக்கும் உரிய அப்பொல்லோன், அவருடைய உடன்பிறந்தாளாகிய அர்த்தெமிஸ், போருக்குரிய அரேஸ், காதலுக்குரிய அப்ரொதீத்தே, கொல்லுலைக்குரிய ஹெப்பாய்ஸ்தொஸ், தூதுக்கும் வணிகத்திற்கும் வழிப்பயணத்திற்கும் உரிய ஹெர்மெஸ் ஆகியோர் ஏனையோர். பன்னிரண்டாம் இடத்தில் அடுப்பங்கரைத் தெய்வமாகிய ஹெஸ்தியாவைச் சிலரும், திராட்சரசத்தின் தெய்வமாகிய தியொனீசஸைச் சிலரும் வைத்தனர். கீழுலகை ஆளும் ஹாதேஸ் சேயுஸின் உடன்பிறந்தார். ஆயினும் ஒலிம்பு மலையில் அவருக்கு இடமில்லை.

ரோமர் தங்கள் தெய்வங்களை இவர்களோடு இணைத்தனர். சேயுஸ் யூப்பித்தர் ஆனார். ஹெர்மெஸ் மெர்க்கூரி ஆனார். அர்த்தெமிஸ் தியானாள் ஆனாள். அரேஸ் மார்ஸ் ஆனார். பிற்கால ஐரோப்பாவின் கல்வி இலத்தீனில் நடைபெற்றமையால், கிரேக்க நூலை மொழிபெயர்த்தவர்களும் இந்த இலத்தீன் பெயர்களையே எழுதினர். லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்திலும், 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலும் இவ்வழக்கமே காணப்படுகிறது. ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் உழைத்த குழுவினர் 1871-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய நமது ஐக்கியத் திருப்புதலும் இவ்வழியே சென்றது. இவ்வாறாக, கிரேக்கத் தெய்வம் ரோம உடை அணிந்து, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு, தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அக்குழுவினர் எல்லா இடத்திலும் இவ்வாறு செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஹாதேஸ் எனும் சொல்லுக்கு அவர்கள் புராண வழக்கிலுள்ள 'பாதாளம்' எனும் சொல்லை இட்டனர். பவுல் மெலித்தாத் தீவிலிருந்து ஏறிச்சென்ற கப்பலின் சின்னம், சேயுஸின் இரட்டைப் புதல்வரான தெய்வங்கள். அதனைச் சோதிட நூல் வழக்கிலுள்ள 'மிதுனம்' என்று தமிழாக்கினர். அதே தீவின் மக்கள், பாம்பு கடித்த பவுலைத் 'திக்கே' எனும் நீதித் தெய்வம் பிழைக்க விடவில்லை என்று எண்ணியபோது, 'பழி' எனும் சொல்லை ஆண்டனர் (அப். 28:4). கொலை செய்தவனைப் பழி தொடரும் என்பது நம் நாட்டாரின் ஆழ்ந்த நம்பிக்கை. ஆகவே இச்சொல் கேட்போரின் உள்ளத்தை உடனே தொடுகிறது. இஃது அவர்களுடைய மொழியறிவின் சிறப்பு.

ஆனால் இன்னொரு சொல்லாட்சி நம்மைத் தயங்க வைக்கிறது. எருசலேம் தேவாலயத்தில் பணிபுரிந்தவரையும், லீஸ்திராவின் கோயிலில் பணிபுரிந்தவரையும் லூக்கா ஒரே கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார். தமிழிலோ முன்னவர் 'ஆசாரியன்', பின்னவர் 'பூசாரி'. மூலநூலில் இல்லாத ஓர் உயர்வு தாழ்வு இங்கே நுழைந்துவிட்டது. தெய்வத்தின் பெயர் நமக்கு அந்நியமாகவும், அத்தெய்வத்தின் பூசாரி மட்டும் நம் தெருவில் வாழ்பவராகவும் தோன்றும் இந்நிலை, வாசகரின் மனத்தில் ஒரு தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. பவுலின் எதிரில் நின்றவர் யார் என்பதை அறியுமுன்னரே நாம் அவரை இகழக் கற்றுக்கொள்கிறோம்.

2. லீஸ்திரா: மழை யாருடையது?

லீஸ்திரா ரோமக் குடியேற்ற நகரமே. எனினும் அன்று கூடிய மக்கள் தங்கள் சொந்த லிக்கவோனியா மொழியில் கூவினர் என்று லூக்கா குறிப்பிடுகிறார். சேயுஸும் ஹெர்மெஸும் அந்நாட்டில் சேர்த்து வணங்கப்பட்டனர் என்பதற்கு, லீஸ்திராவைச் சூழ்ந்த பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டுச் சான்று உண்டு.

அண்டை நாடாகிய பிரிகியாவைப் பற்றி ரோமப் புலவர் ஓவிட் ஒரு கதை கூறுகிறார். இவ்விரு தெய்வங்களும் மனித வடிவில் வந்து வீடுவீடாக இடம் கேட்டனர். எல்லாக் கதவுகளும் அடைக்கப்பட்டன. பிலேமோன், பவுக்கிஸ் எனும் ஏழை முதியோர் மட்டும் தங்கள் குடிசையில் இடமளித்து, இருந்ததைச் சமைத்துப் படைத்தனர். அவ்விருவர் தவிர ஊர் முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. லீஸ்திராவின் மக்கள் எருதுகளோடும் மாலைகளோடும் விரைந்ததற்கு இத்தகைய கதைகளின் நினைவு காரணமாயிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். முன்னோர் ஒருமுறை கதவை அடைத்தனர். நாமும் அத்தவற்றைச் செய்யலாகாது என்னும் அச்சமும் ஆவலும் அங்கே இருந்திருக்கலாம்.

தமிழ் வாசகருக்கு இக்கதை அந்நியமன்று. மழை பெய்யும் நள்ளிரவில் அடியவராக வந்த சிவபெருமானுக்கு அமுதளிக்க, விதைத்த நெல்லைச் சேற்றிலிருந்து வாரிக்கொண்டு வந்த இளையான்குடி மாறனாரின் வரலாற்றைப் பெரிய புராணம் கூறுகிறது. நம் அயலார் அறிந்த இவ்வரலாற்றோடு லீஸ்திராவைச் சேர்த்து வாசித்தால், அம்மக்கள் மூடர்கூட்டமாக நமக்குத் தோன்றார். தெய்வம் வாசலில் வந்து நிற்கக்கூடும் என்று நம்பிய விருந்தோம்பும் மக்களாகவே தோன்றுவர்.

இனிப் பவுலின் உரையைக் காண்போம். அவர் தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறார். இந்த வீணானவைகளை விட்டு ஜீவனுள்ள தேவனிடம் திரும்புங்கள் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். ஆகவே அவர் எல்லாம் ஒன்றே என்று பேசியவர் அல்லர். ஆனால் அவர் எடுத்த சான்று எது? வேதவாக்கியத்தை அவர் மேற்கோள் காட்டவில்லை. வானத்திலிருந்து வரும் மழையையும், பருவந்தோறும் வரும் விளைச்சலையும், உணவினால் நிறையும் உள்ளத்தின் மகிழ்ச்சியையும் காட்டுகிறார் (அப். 14:17).

'மழை பெய்கிறது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சேயுஸ் பொழிகிறார்' என்று சொல்வது கிரேக்க மொழியின் வழக்கு. சேயுஸின் கோயில் வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசுவது, அக்கோயிலின் கருவறைக்குள்ளேயே கேள்வியைக் கொண்டுசெல்வதாகும். நீங்கள் பெற்ற நன்மை உண்மை. அந்நன்மைக்காக நீங்கள் கொண்ட நன்றியும் உண்மை. அந்நன்றி சேரவேண்டிய இடத்தை அறிந்துகொள்ளுங்கள் என்பதே அவ்வுரையின் சாரம். யூப்பித்தர் எனும் பொருள் விளங்காப் பெயர் நடுவில் நிற்கும்போது, மழைக்கும் கோயிலுக்கும் உள்ள இத்தொடர்பு அறுந்துபோகிறது. பவுல் ஏதோ பொதுவான ஒரு நன்மையைப் பற்றிப் பேசினார் என்று எண்ணி நாம் கடந்துபோகிறோம்.

3. அத்தேனே: 'தேவன்' எனும் சொல்லின் வரலாறு

அத்தேனேயில் பவுல் பேசிய இடத்தை நமது திருப்புதல் 'மார்ஸ் மேடை' என்கிறது. அது அரேஸின் குன்று. அங்கே பவுல் எடுத்தாண்ட புலவர் வாக்கு, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அராத்து என்பவர் இயற்றிய வான்நூற் பாடலின் தொடக்கத்திலிருந்து வந்தது. அப்புலவர் சிலிசியா நாட்டவர். தர்சு பட்டணத்துப் பவுலுக்கு ஒரு நாட்டவர். நாம் அவருடைய சந்ததியார் என்று அப்பாடல் சொல்வது சேயுஸைக் குறித்தே. சேயுஸுக்கு உரியதாகப் பாடப்பட்ட ஒரு வாக்கியத்தை, வானத்தையும் பூமியையும் படைத்த தேவனுக்கு உரியதாக அப்போஸ்தலன் ஆக்குகிறார். இவ்வளவு துணிவான செயலை நம் பிரசங்கங்களில் அரிதாகவே காண்கிறோம்.

இத்துணிவு நம் மொழிபெயர்ப்பாளரிடமும் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடலாகாது. கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு ஐயர் 'சருவேசுரன்' என்றும், பப்ரீஷியஸ் ஐயர் 'பராபரன்' என்றும் எழுதினர். பவர் குழுவினர் 'தேவன்' எனும் சொல்லைத் தெரிந்துகொண்டனர். தேவர் எனும் பன்மை வழக்கில் ஊறிய சொல் அது. ஆகையால் எதிர்ப்பும் எழுந்தது. மொழிநூலார் தரும் செய்தி இன்னும் வியப்பானது. ரிக் வேதத்தின் 'த்யௌஸ் பிதர்', கிரேக்கரின் 'சேயுஸ் பாத்தேர்', ரோமரின் 'யூப்பித்தர்' ஆகிய மூன்றும் வானத் தந்தை எனும் ஒரே பழம்பெயரின் மூன்று வடிவங்கள். ஒளியைக் குறிக்கும் அதே வேரிலிருந்து பிறந்ததே 'தேவ' எனும் வடசொல். ஞாயிறுதோறும் நாம் தொழுகையில் உச்சரிக்கும் 'தேவன்' எனும் சொல்லும், லீஸ்திராவின் சேயுஸ் எனும் பெயரும் ஒரே வேரின் கிளைகள்.

இதனால் அவ்விருவரும் ஒருவரே என்று முடிவுகட்டுவது பேதைமை. சொல்லின் வேர் வேறு, வழிபடப்படுபவர் வேறு. ஆனால் மனிதர் வேறொருவருக்குச் சூட்டிய சொல்லைத் தேவன் தமக்காக ஏற்றுக்கொள்கிறார் என்பது இதனால் விளங்குகிறது. 1938-ஆம் ஆண்டு டிசம்பரில், நமக்கு அண்மையிலுள்ள தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூலை முன்வைத்து இப்பொருளைப் பற்றிய பெரும் விவாதம் எழுந்தது. சுவிசேஷத்திற்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி உண்டா, முறிவு மட்டுமேயா என்பதே வினா. லீஸ்திராவிலும் அத்தேனேயிலும் பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார் என்பது என் துணிபு.

4. எபேசு: சம்பிரதியின் சாட்சி

எபேசுவின் அர்த்தெமிஸை, ரோமப் புராணங்களில் வில்லேந்தி வேட்டையாடும் தியானாளாக எண்ணினால் அவ்வதிகாரம் விளங்காது. எபேசுவில் கிடைத்த சிலைகளில் அவள் மார்பு நிறையத் திரண்ட உருவங்களோடும், ஆடை முழுதும் விலங்குகளின் உருவங்களோடும் நிற்கிறாள். ஆசியா நாட்டின் பழைய தாய்த் தெய்வ வழிபாடு அப்பெயருக்குள் புகுந்திருந்தது என்பர். உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றெனப் போற்றப்பட்ட அவள் கோயில் கி.மு. 356-இல் தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்டது. மண்மூடிப்போன அதன் அடித்தளத்தை ஜான் டர்ட்டில் வுட் என்பவர் 1869-ஆம் ஆண்டின் இறுதியில் கண்டறிந்தார்.

இவ்வதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது, தட்டானாகிய தெமேத்திரியுவின் வருமானக் கவலையையும், இரண்டு மணிநேரம் நீடித்த கூச்சலையும் நாம் விரிவாகப் பேசுகிறோம். பட்டணத்துச் சம்பிரதி சொன்ன சாட்சியைத் தவறவிடுகிறோம். இம்மனிதர் கோயிலைக் கொள்ளையிட்டவரும் அல்லர், நம் தேவியைத் தூஷித்தவரும் அல்லர் என்று அவர் கூட்டத்தாருக்குச் சொல்கிறார் (அப். 19:37). கைகளால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று பவுல் அந்நகரில் வெளிப்படையாகப் போதித்தார். அதனைத் தெமேத்திரியுவே சொல்கிறான். ஆயினும் இரண்டாண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்த அவர்மீது தூஷணக் குற்றம் சாட்ட இயலவில்லை. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் கூடியிருந்தன.

நான் இறையியல் கற்று முடித்த ஆண்டில், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் ஓரத்தில் ஒலிபெருக்கியுடன் நின்று பிரசங்கித்ததுண்டு. அன்று நம் அயலாரின் தெய்வங்களைப் பெயர் சொல்லி எள்ளினேன். அக்கதைகளை நான் முழுமையாகப் படித்தவனும் அல்லன். கீரை விற்றுக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், "தம்பி, உங்க சாமியைப் பத்திச் சொல்லு, கேக்கறேன். எங்க சாமியை ஏன் ஏசறே?" என்றார். அன்று அவரை எதிர்ப்பாளர் என்று எண்ணினேன். எபேசுவின் சம்பிரதி எனக்காகச் சாட்சி சொல்ல முடியாதபடி நான் நடந்துகொண்டேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

5. திருச்சபையில் தெய்வங்களின் பெயர்கள்

ரோமர் பதினாறாம் அதிகாரத்தில் பவுல் வாழ்த்துதல் சொல்லும் சகோதரருள் ஒருவர் பெயர் எர்மே. லீஸ்திராவில் 'மெர்க்கூரி' என்று நாம் வாசிப்பதும் இப்பெயரும் கிரேக்கத்தில் ஒன்றே. ஒரே பெயரை ஓரிடத்தில் இலத்தீனாகவும் மற்றோரிடத்தில் கிரேக்கமாகவும் எழுதியமையால், ரோமாபுரிச் சபையில் ஒரு விசுவாசி தெய்வத்தின் பெயரை அப்படியே தாங்கியிருந்தார் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் அர்த்தெமா, அர்த்தெமிஸின் பெயரால் அமைந்தவர். அப்பொல்லோவின் பெயரில் அப்பொல்லோனும், எப்பாப்பிரோதீத்துவின் பெயரில் அப்ரொதீத்தேயும், தெமேத்திரியுவின் பெயரில் தெமேத்தேரும், தியொனீசியுவின் பெயரில் தியொனீசஸும் உள்ளனர். இவர்களுள் எவரையும் பெயர் மாற்றிக்கொள்ளுமாறு பவுல் கேட்டதாகச் சான்றில்லை.

இதனை அறிவதற்கு முன் நான் செய்த ஒரு செயலை இங்கே அறிக்கையிடுவது கடமை. அருகிலுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணியாற்றிய இளைஞர் ஒருவர் ஞானஸ்நானம் பெற முன்வந்தார். அவருக்குத் தந்தை இட்டிருந்தது முருகனுடைய பெயர்களுள் ஒன்று. "எங்கே வேணுமானாலும் போ, நான் வைத்த பேரை மட்டும் தூக்கிப் போடாதே என்று அப்பா சொல்கிறார், ஐயா" என்று அவர் தயங்கி நின்றார். புதிய வாழ்வுக்குப் புதிய பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்தி, டென்னிஸ் எனப் பெயரிட்டேன். தந்தை ஆராதனைக்கு வரவில்லை. அதன்பின் நெடுங்காலம் மகனோடு பேசவுமில்லை.

டென்னிஸ் என்பது தியொனீசியுவின் மரூஉ. திராட்சரசத்தின் தெய்வமாகிய தியொனீசஸுக்கு உரியவன் என்பது அதன் பொருள். தமிழ்த் தெய்வம் ஒன்றின் பெயரை அகற்றிவிட்டுக் கிரேக்கத் தெய்வம் ஒன்றின் பெயரை அவருக்குச் சூட்டியிருக்கிறேன். அதற்கு விலையாக ஒரு தந்தையையும் மகனையும் பிரித்தேன்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சாதியின் இழிவைச் சுமத்தி இடப்பட்ட பெயர்களை உதறி, ஞானஸ்நானத்தில் புதுப்பெயர் பெற்றது நம் சபையாரில் பலருக்கு விடுதலையாயிருந்தது. அது முற்றிலும் உண்மை. அவ்விடுதலையை நான் குறைத்துப் பேசவில்லை. விரும்பிப் பெறும் புதுப்பெயர் வேறு, வற்புறுத்திப் பிடுங்கப்படும் பழைய பெயர் வேறு என்பதே என் வாதம். இதே பல்லாவரத்தில் வாழ்ந்த வேதாசலனார், தம் பெயரை மறைமலை என்று தாமே தமிழாக்கிக்கொண்டார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1911 வரை தமிழ் கற்பித்தவர் அவர். பெயர் மாறியது, அதன் பொருள் மாறவில்லை. அம்மாற்றம் அவர் விருப்பத்தால் விளைந்தது.

முடிவுரை

அந்நிய தேவர்களின் பேரைச் சொல்லவேண்டாம் என்று யாத்திராகமம் கட்டளையிட்டிருக்க (யாத். 23:13), இவ்வாராய்ச்சி எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கட்டளை அவர்களைத் தொழுது அழைப்பதைத் தடுக்கிறது. அறிந்து பேசுவதைத் தடுக்குமாயின் லூக்கா தம் நூலை எழுதியிருக்க இயலாது. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தென்னிந்தியத் தெய்வங்களின் பெயர்களையும் வரலாறுகளையும் தொகுத்து 1713-இல் ஒரு நூல் எழுதினார். ஐரோப்பாவில் அது வரவேற்கப்படவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பதே ஹாலே நகரத்தாரின் எண்ணம். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 1867-இல், சென்னையில் அது அச்சேறியது. அந்நூலின் தீர்ப்புகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் பேசுமுன் கேட்டறிந்தார் என்பதில் அவர் நமக்கு முன்னோடி.

ஆகவே மூன்று செய்திகளை உடன்ஊழியர் முன்வைக்கிறேன். முதலாவது, நம் திருப்புதல் மீண்டும் செப்பம்பெறும் நாளில் சேயுஸ், ஹெர்மெஸ், அர்த்தெமிஸ் எனும் பெயர்கள் தம் இடத்திற்குத் திரும்பவேண்டும். 1995-இல் வெளியான பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இவ்வழியில் முன்னரே சென்றிருக்கிறது. 'பூசாரி' எனும் சொல்லையும் மறுபடி எண்ணிப்பார்க்கவேண்டும். இரண்டாவது, அதுவரை இப்பகுதிகளை வாசிக்கும் போதகர், அப்பெயர்கள் யாருடையவை என்பதையும், அத்தெய்வங்களிடம் மக்கள் எதை எதிர்பார்த்து நின்றனர் என்பதையும் இரண்டு வாக்கியங்களிலாவது சபையாருக்கு எடுத்துரைக்கவேண்டும். மூன்றாவது, ஞானஸ்நானத்திற்கு வருவோரிடம் பெயரைக் குறித்து நாம் கட்டளையிடாமல், அவர்கள் விருப்பத்தைக் கேட்கவேண்டும்.

அந்த மூதாட்டிக்கு மறுவாரம் விடை சொன்னேன். "அவர் பெயர் சேயுஸ், அம்மா. அந்த ஊரார் மழைக்காகக் கும்பிட்ட தெய்வம்" என்றேன். அவர் சற்று எண்ணிப்பார்த்து, "அப்படியானால் பவுல் ஐயா மழையைப் பற்றிப் பேசினது அதனால்தானா?" என்றார். நான் இத்தனை பக்கங்களில் விளக்க முயன்றதை அவர் ஒரு வினாவில் கண்டுகொண்டார். பெயரைச் சரியாகச் சொல்வதே நாம் செய்யவேண்டிய முதல் உதவி. எஞ்சியதை வேதமே செய்துகொள்ளும்.